ஒரு திரை, ஐந்து பெட்டி

கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமா போன மாதம் அழைத்தார். "ஏம்மா, நீதான் ரேடியோவுல இருக்கியே, உனக்கு வயரு எல்லாம் தெரியும்தானே? ஞாயித்துக்கிழம கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார்.

வானொலியில் வேலை செய்பவருக்கு உலகத்து வயர் எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. நான் படித்தது ஊடகத்துறை. ஆனால் மாமா கூப்பிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்?

அவர் வீட்டு ஹாலில், சீலிங்கில் ஒரு புரொஜெக்டர் தொங்குகிறது. தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் முன் மாட்டிக் கொடுத்தது. அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று மட்டும் கீழே அலமாரிக்கு வருகிறது. அலமாரியிலோ ஆஸ்ட்ரோ பெட்டி, தம்பியின் கேம் பெட்டி, படம் பார்க்கும் ஸ்டிக், மடிக்கணினி என நான்கு. எதைப் பார்க்க வேண்டுமானாலும் இருக்கிற வயரைப் பிடுங்கி அடுத்ததில் செருக வேண்டும். செருகிச் செருகி ஆஸ்ட்ரோ பெட்டியின் துளையே ஆட்டம் கண்டுவிட்டது.

"இதுக்கா கூப்பிட்டீங்க?" என்றேன். மாமா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய வீடியோ டெக்கையும் ஒரு கேசட்டையும் எடுத்து வந்தார். 1996இல் தம்பியின் முதல் பிறந்தநாள்.

அத்தை தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. "போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் எதுலயும் இல்ல" என்றார். கல்யாண வீடியோ இருக்கிறது. ஆனால் அதில் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். இந்தக் கேசட்டில்தான் அத்தை பேசுகிறார்.

குரலை வைத்துப் பிழைப்பவள் நான். அதற்குமேல் என்ன கேட்பது?

முதலில் அந்த நான்கு பெட்டிக்கு வழி செய்தோம். எங்கள் ஒலிபரப்பு அறையில் மைக், கணினி, தொலைபேசி எனப் பல பக்கமிருந்து ஒலி வரும்; வெளியே போவது ஒரே வழி. வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். அதன் பெயர் எச்.டி.எம்.ஐ. சுவிட்ச். பல பெட்டிகளை உள்ளே வாங்கி, நாம் கேட்கும் ஒன்றை மட்டும் வெளியே அனுப்பும். கடையில் 'ஸ்பிளிட்டர்' என்று கேட்டுவிடாதீர்கள். அது ஒரு பெட்டியின் படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது; நேர் எதிர் வேலை.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, இன்றைக்கு இருப்பதைவிட ஒரு துளையாவது கூடுதலாக இருக்கட்டும். இரண்டு, தனி மின் அடாப்டர் உள்ளதாக எடுங்கள். மூன்று, 4கே படம் பார்ப்பவர்கள் எச்.டி.சி.பி. 2.2 என்ற குறிப்பைத் தேடுங்கள். அது திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. பெட்டி, சுவிட்ச், புரொஜெக்டர் மூன்றுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவில் ஒன்றுக்குப் புரியாவிட்டால் திரை கறுப்பாக நிற்கும், அல்லது படத்தின் தரம் இறங்கிவிடும்.

சீலிங் வயரின் நீளமும் முக்கியம். பத்து மீட்டர் அளவுக்குப் போகும் சாதாரணச் செம்பு வயரில் 4கே படம் விட்டு விட்டு வரலாம். அந்தத் தூரத்துக்கு ஒளியிழை வயர் நல்லது. ஆனால் அதற்குத் தலையும் வாலும் உண்டு. பெட்டிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனையிலேயே எழுதியிருக்கும். சுவருக்குள் இழுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடியோ டெக். அதற்கு எச்.டி.எம்.ஐ. கிடையாது, மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள்தான். நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். மாட்டினால் ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் அதன் முதுகைப் படித்தேன். 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு' என்றிருந்தது. எங்களுக்கு வேண்டியது 'ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு'. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மறுபடியும் கடைக்கு ஓடினேன்.

இப்போது படம் வந்தது. மாமா கண்ணைச் சுருக்கினார். "உங்க அத்தை இவ்ளோ குண்டு இல்லயே!"

பழைய கேசட் படம் 4:3 அளவு. புரொஜெக்டர் அதை அகலத் திரைக்கு இழுத்துவிட்டது. அமைப்பில் 4:3 என்று மாற்றியதும் அத்தை பழையபடி ஆனார்.

ஆனால் சத்தம் எட்டவில்லை. புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சின்னது. அதுவும் தலைக்குமேல் இருக்கிறது. நல்லவேளை, நாங்கள் வாங்கிய சுவிட்சில் ஒலியைத் தனியே பிரித்துத் தரும் துளை இருந்தது. அதிலிருந்து அலமாரிப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கருக்கு வயர் போட்டோம். இனி எந்தப் பெட்டியைப் போட்டாலும் சத்தம் அங்கேதான் வரும். ஏதாவது பெட்டியில் படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால், அதன் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேசட்டை முதலிலிருந்து போட்டோம். கேக், பலூன், அழுகிற தம்பி. திடீரென்று பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏங்க, கேமராவையே பாத்துட்டு நிக்காதீங்க, புள்ளய தூக்குங்க!"

மாமா சிரித்தார். பிறகு, "இன்னொரு தடவ போடு" என்றார்.

நான் போடவில்லை. பழைய நாடா, எந்தச் சுற்றில் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. முதலில் வீடியோ டெக்கை யூ.எஸ்.பி. பதிவுக் கருவி வழியாக மடிக்கணினியில் இணைத்து, முழுவதையும் பதிவு செய்தேன். பிரதி ஒன்று மாமாவிடம், ஒன்று சிங்கப்பூரில் தம்பியிடம், ஒன்று என்னிடம். அதற்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கேசட் இருக்கலாம். போடும் முன் வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். பிடித்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடாவும் போகும், டெக்கும் போகும். சுத்தம் செய்து பிரதி எடுத்துத் தருபவர்களிடம் கொடுங்கள்.

சுவிட்சை அடுத்த மாதம்கூட வாங்கலாம். கேசட்டை இந்த வாரமே தேடுங்கள்.