உயிர்ப்பிக்கும் உரிமை

கணிப்பொறி வாங்கும்போது நாம் எத்தனையோ கேட்கிறோம். விலை என்ன, வேகம் என்ன, நினைவகம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், "இது படுத்துக்கொண்டால் எழுப்புவது யார்?" என்று மட்டும் கேட்பதில்லை. ஆராய்ச்சி மாணவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து. அன்பர்கள் பொறுமையுடன் படித்து, மாறுபட்ட எண்ணம் இருப்பின் அடுத்த இதழில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இக்கேள்வி பெரும்பாலும் சேமிப்பகத்தை மாற்றும்போதுதான் எழுகிறது. மேசைக் கணிப்பொறி சில ஆண்டுகள் உழைத்தபின் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடுகிறது, வேகமும் தளர்கிறது. புதுப் பொறி வாங்கப் பணமில்லை. உதவித்தொகை வந்த மாதத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தலாம் என்று முடிவு செய்கிறோம். நல்ல முடிவே. திருகுகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதைச் செருக அதிக நேரம் ஆகாது. அதன்பின் பொத்தானை அழுத்தினால், தொடங்குவதற்கு உரிய டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி வந்து நிற்கும். அந்த ஒரு வரியின் முன் கலங்கி நின்ற முதுகலை மாணவர்கள் சிலரை நம் விடுதியிலேயே கண்டிருக்கிறேன்.

கலங்கத் தேவையில்லை, நடந்தது என்ன என்று தெரிந்தால் போதும். கணிப்பொறியைத் தொடங்கிவைப்பவை இரண்டு. ஒன்று, மதர்போர்டில் உள்ள சிறு சில்லில் குடியிருக்கும் ஃபர்ம்வேர். தமிழில் நிலைப்பொருள் என்பர். பேச்சில் நாம் பயாஸ் என்று சொல்வதும் இதையே. மற்றொன்று, டிஸ்கில் வாழும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது நிலைப்பொருள். அது பொறியின் உறுப்புகளைச் சரிபார்க்கிறது. இயங்குதளம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தன் குறிப்பைப் பார்த்து அதனை எழுப்புகிறது. டிஸ்கை மாற்றியதும் அந்தக் குறிப்பு பழைய முகவரியாகிவிடுகிறது. தபால்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டிலோ ஆள் இல்லை. புது டிஸ்கில் இயங்குதளம் இருக்குமாயின், புது முகவரியை எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது.

வேறு தடைகளும் உண்டு. பழைய மதர்போர்டுகள் சில, என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யிலிருந்து தொடங்க அறியாதவை. அவற்றுக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய நிலைப்பொருள் இருந்தால் அதனை ஏற்றவேண்டும். ஏற்றியவுடன் நாம் செய்துவைத்த அமைப்புகள் அழிந்து, சேமிப்பக முறை வேறொன்றாக மாறி, நன்றாயிருந்த விண்டோஸ் நீலத்திரை காட்டுவதும் உண்டு. அமைப்பை முன்போல் திருப்பிவைத்தால் அது சரியாகிவிடும். எம்.பி.ஆர். என்னும் பழைய பகுப்புமுறையோடு நகலெடுத்தால், வழக்கமான டிஸ்கில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடம் பயன்படாது, ஜி.பி.டி. முறைக்கு மாறவேண்டும். பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்காயின், நிலைப்பொருளைத் தொட்டதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அதனை எங்கும் எழுதிவைக்காதவருக்கு மூன்றாண்டு ஆராய்ச்சியும் அந்தப் பூட்டுக்குள் அடைபட்டுப் போகும்!

இவற்றுள் எதுவும் மாயவித்தை அன்று. காரணமும் விளைவும் உடையவை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மானி தவறாகக் காட்டினால் காரணம் தேடும் நாம், நம் அறையில் உள்ள பொறி நின்றுவிட்டால் மட்டும் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரருக்கு எளிய வழி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. இந்நகரில் ஒரு கடையில் என் நண்பர் ஒருவரின் டிஸ்கை, ஒரு சொல் கேளாமல், அப்படித்தான் துடைத்துக் கொடுத்தார்கள். பொறி எழுந்தது, அளவீடுகள் போயின. அவருக்குப் பொறியைவிட அளவீடுகள் அல்லவா பெரிது?

இதுவரை சொன்னது நாமே முயன்றால் மீட்கக்கூடிய பொறிகளைப் பற்றி. இனி, மீட்கும் வழியையே தயாரித்தவர் வகுத்துவைத்த பொறி ஒன்றைப் பார்ப்போம். 2019 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மேக் ப்ரோ மேசைக் கணிப்பொறியில் சேமிப்பகத் தகடுகளைக் கழற்றி மாற்றலாம். ஆனால் அவற்றை ஆளும் மூளை தகட்டில் இல்லை; டி2 என்னும் பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. தகவலைப் பூட்டும் சாவியும் அச்சில்லோடு பிணைந்தது. ஆகவே புதுத் தகட்டைச் செருகியபின் இன்னொரு மேக் கணிப்பொறியைத் தேடிக் கொண்டுவரவேண்டும். இரண்டையும் யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து, ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் போன்ற மென்பொருளைக் கொண்டு, இணையத்தின் துணையோடு நிலைப்பொருளை மீட்கவேண்டும். இயங்குதளத்தை நிறுவுவது அதற்கும் பிறகுதான். கழற்றிய பழைய தகட்டை வேறு பொறியில் செருகித் தகவலைப் படிக்கவும் இயலாது.

இதற்கு நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். திருடன் தகட்டைக் கழற்றிச் சென்றால் அவனுக்குக் கிடைப்பது வெறும் தகடுதான். நோயாளிகளின் விவரமோ, வெளியிடாத ஆய்வு முடிவோ உள்ள பொறிக்கு அத்தகைய காவல் தேவை. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், உயிர்ப்பிக்க அதே நிறுவனத்தின் இரண்டாவது பொறியும், அந்நிறுவனம் இணையத்தில் தரும் கோப்பும் வேண்டும் என்றால், அந்நிறுவனம் அப்பொறிக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் உரிமையாளர் என்ன செய்வார்? வீட்டுக்குக் காவல் வேண்டும் என்பதற்காகச் சாவியைக் கட்டடம் கட்டியவரிடமே விட்டுவைப்போமா?

துறைகளுக்குப் பொறி வாங்கும் குழுக்களில் இக்கேள்வியை மாணவர்கள் எழுப்பவேண்டும். சேமிப்பகத்தை மாற்றினால் எந்த முறையில் மீட்பது? அதற்கு என்ன கருவி வேண்டும்? நிலைப்பொருள் பழுதானால் திரும்ப எழுத வழி உண்டா? பென் டிரைவிலிருந்தே நிலைப்பொருளைத் திரும்ப எழுதும் பொத்தான் சில மதர்போர்டுகளில் இருக்கிறது. அத்தகையதற்குச் சிறிது கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபின், பல பொறிகள் பழையன என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் நல்ல நிலையில் உள்ளவற்றில் எஸ்.எஸ்.டி. பொருத்தி லினக்ஸ் நிறுவினால் இன்னும் சில ஆண்டு உழைக்கும். மீட்கத் தெரியாத காரணத்தால் குப்பைக்குப் போகும் பொறி, ஏழை மாணவனிடமிருந்து பறிக்கப்பட்ட பொறியே.

நம்மளவில் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, டிஸ்கைத் தொடுமுன் தகவலை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இரண்டாவது, பூட்டின் சாவியைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைக்கவேண்டும். நிலைப்பொருளைப் புதுப்பிக்குமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டும். மூன்றாவது, இயங்குதளத்தை நிறுவும் பென் டிரைவைப் பொறி நலமாயிருக்கும்போதே தயாரித்து, நிலைப்பொருளின் அமைப்புத் திரைகளைப் படம் பிடித்துக்கொள்ளவேண்டும். நான்காவது, நிலைப்பொருள் ஏறும்போது மின்சாரம் நின்றால் மதர்போர்டே வாய் திறக்காமல் போகலாம். கோடையின் மின்வெட்டை அறிந்த நமக்கு, யூ.பி.எஸ். இல்லாமல் அவ்வேலையில் இறங்கவேண்டாம் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். பருவத்திற்கு ஒரு மாலை, பழைய கணிப்பொறி ஒன்றை மேசைமேல் வைத்து, டிஸ்கை மாற்றி, அதனை உயிர்ப்பிக்கும் முறையைத் தமிழில் செய்துகாட்டக் கூடாதா? தமிழ் வழியில் பயின்று வந்த முதலாண்டுத் தம்பி தங்கையருக்கு, திரையில் தோன்றும் ஆங்கில வரியைவிட, அதற்குப் பொருள் கேட்கத் தயங்கும் கூச்சமே பெரிய தடை. நம் மொழியில் ஒருமுறை விளக்கிவிட்டால் அக்கூச்சம் நீங்கும். செயலர் இசைந்தால் திருப்புளியும் பென் டிரைவும் கொண்டுவர நான் ஆயத்தமாயிருக்கிறேன். பழைய பொறி ஒன்றைத் தருவார் யாரேனும் உண்டா?