ஹிமாலயத்தின் சமுத்திரச் சாசனம்

ஹிமாலயத்தைத் தேவர்களின் வாசஸ்தலமென்று நம் முன்னோர் போற்றினர். அம்மலையின் முடியில், 8,848 மீட்டர் உயரத்தில், எவரெஸ்ட் சிகரத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடலல்லிகளும், நண்டுக்குத் தூரத்து உறவான டிரைலோபைட்டுகளும் பொடிந்து கிடக்கின்றன என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் அது உண்மையே. சுமார் 45 கோடி வருஷங்களுக்கு முன் அக்கல் ஆழமற்ற கடலின் அடியில் சேறாகப் படிந்தது. பின்னர் பாரத பூமி வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவின்மீது மோதவே, நடுவிலிருந்த டெதிஸ் சமுத்திரம் மறைந்தது. அதன் ஓரத்துப் படிவுகள் மடிந்து மலையாக எழும்பின.

நம் வைஷ்ணவ கிருகங்களில் பூஜைக்குரிய சாளக்கிராமம் வேறென்ன? நேபாளத்துக் காளி கண்டகி நதி உருட்டிவரும் அக்கருங்கற்களில் பல, அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் சுவட்டைத் தாங்கியவை. பக்தர் சக்கரமென்று காண்பது அதன் ஓட்டின் சுருளே. இதனால் பக்திக்கு ஒரு குறைவுமில்லை. சாஸ்திரமறியாத காலத்திலேயே நம்மவர் அக்கல்லைக் காப்பாற்றி வைத்தார்கள் என்றே நாம் கொள்கிறோம்.

அந்தக் கவனம் இன்று எங்கே போயிற்று? ஸ்ரீநகருக்கு அருகே கோன்மோவில் குர்யூல் என்றொரு மலைச்சந்து உண்டு. சுமார் 25 கோடி வருஷங்களுக்கு முன் கடல்வாழ் இனங்களில் பெரும்பகுதி அழிந்த மகா சம்ஹாரம் அங்கே அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. அவ்யுக எல்லைக்கு உலகப் பிரமாணமாக ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது குர்யூலும் போட்டியிலிருந்தது. 2001-ல் அந்தக் கௌரவம் சீனத்து மெய்ஷானுக்குப் போயிற்று. நம் குர்யூலிலோ கல்லுடைப்போர் புகுந்து சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள்! ஸ்பிதியின் லாங்ஸா கிராமத்தில் அம்மோனைட்டுகள் யாத்திரிகருக்குச் சில ரூபாய்க்கு விலையாகின்றன. அவற்றைப் பொறுக்கி விற்கும் ஏழைச் சிறுவர்களை நாம் குறை கூறோம். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் படித்த கனவான்களையே கேட்கிறோம். எடுத்த இடமும் அடுக்கும் தெரியாத கல், சாஸ்திரிக்குப் பாதிப் பிரயோஜனமும் தராது.

2022-ம் வருஷக் கடைசியில் மத்திய சுரங்க இலாகா, இத்தகைய ஸ்தலங்களைக் காக்க ஒரு மசோதாவின் நகலை ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு வெளியிட்டது. சட்டம் வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதிகாரமனைத்தையும் இந்திய நிலவியல் ஆராய்ச்சி இலாகா ஒன்றிடமே குவிப்பதாக அந்நகல் இருந்ததென்று சாஸ்திரிகள் சிலர் ஆட்சேபித்தனர், ஆட்சேபம் நியாயமானதே. சர்வகலாசாலை மாணவன் ஒரு கல்லைத் தொட உத்தரவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க, ஒப்பந்தக்காரனின் வெடிமருந்து மட்டும் தாமதமின்றி வேலை செய்யுமானால் அச்சட்டத்தால் யாருக்கு லாபம்? வெட்டுவதை முதலில் நிறுத்தட்டும். லாங்ஸாவிலும் கோன்மோவிலும் சிறு காட்சிசாலைகள் அமைத்து, அவ்வூராரையே சம்பளம் கொடுத்துக் காவலராக்கட்டும். கல்லை விற்கும் சிறுவனே நாளை அதன் கதையை யாத்திரிகருக்கு எடுத்துச் சொல்லிக் கூலி பெறலாம்.