உயிர்க் காலேஜும் ஊரார் தோட்டமும்

திண்டிவனத்திலிருந்து பேருந்தில் சென்னை செல்வோர் கண்ணுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவின் வாயில் தப்புவதில்லை. விடுமுறை நாள்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டுச்சோற்று மூட்டையோடு அங்கே இறங்குகின்றனர். அப்பூங்காவின் பழங்கதை ஒரு நவாபின் வளர்ப்பு விலங்குகளோடு பின்னிக் கிடப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய செய்தி இது. எழும்பூர் அருங்காட்சியகத்தைக் கண்காணித்துவந்த மருத்துவர் எட்வர்ட் பால்பர், பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். 1850இல் சென்னையில் முகமதியப் பொது நூலகம் அமையத் துணைநின்றவர். அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கருநாடக நவாபு தம்மிடமிருந்த விலங்குகளை அருங்காட்சியகத்துக்கு ஈந்தார். 1855இல் அங்கே விலங்குக் காட்சி தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே கடைசி நவாபு குலாம் கவுஸ் கான் மறைந்தார். சேப்பாக்கம் அரண்மனை பின்னர் ஏலத்தில் போயிற்று. அரண்மனை கைமாறிற்று; கொடை மட்டும் பொதுமக்களிடம் தங்கிற்று!

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரவெலியன், நெரிசல் மிகுந்த நகரத்தார் காற்று வாங்கவும் களிக்கவும் ஓரிடம் வேண்டுமென்று எண்ணினார். அதன் பயனே 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் மக்கள் பூங்கா. 116 ஏக்கர் பரப்பு; 11 குளங்கள்; வாத்தியக் குழுவினர்க்கு ஒரு மேடை. எழும்பூரில் பெருகிவிட்ட விலங்குகள் 1860களின் தொடக்கத்தில் இங்கே குடியேறின. பாமரர் அதனை 'உயிர்க் காலேஜ்' என்றனர். பாடம் செய்த உடல்களிருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' ஆயிற்று. எந்தப் புலவர்க்கும் வாய்க்காத பெயர்கள்! ஆண்டிறுதியில் அங்கே கூடிய சந்தையில் 1886 டிசம்பர் 31 அன்று மூண்ட தீயில் பல நூறு பேர் மாண்ட துயரமும் இத்தோட்டத்தின் வரலாற்றில் உண்டு.

பிறகு பூங்கா தேயத் தொடங்கிற்று. விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் அதிலே நடந்தன. 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் நற்பணிக்கே வந்தது. இன்ன கட்டடம் வேண்டாவென்று எவர் சொல்வர்? மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கிப் படித்தே ஆளானவர் எண்ணிலர். ஆயினும், தனியார் எவரும் வேலி தாண்டி இந்நிலத்தைக் கவரவில்லை. காக்க வேண்டிய கைகளே சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டன என்பதை மறைத்துப் பயனில்லை. பொது நிலத்துக்குப் பொதுக் காரியமே பகையாகும் விந்தை இது. கூட்டினால் எவ்வளவு போயிற்றென்று கணக்குப் பார்ப்பார் இல்லை. நம் சிற்றூர்களின் மந்தைவெளியும் ஏரிக்கரையும் இவ்வழியேதான் சுருங்குகின்றன என்பது என் துணிபு.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அவ்விடம் இரயில்வேக்குப் போயிற்று. இரு திங்கள் நிரம்புமுன், ஜூலை 24 அன்று, வண்டலூர்ப் பூங்கா திறக்கப்பெற்றது. விலங்குகளுக்கு அது விடுதலையே; இடுக்கில் கிடந்த புலிக்கு அங்கே காடு கிடைத்தது. மனிதருக்கு மட்டும் அப்படியொரு மாற்றிடம் கிடைக்கவில்லை. நகர் நடுவே கூலியாளும் செல்வரும் ஒரே மரநிழலில் அமர்ந்த பெருந்தோட்டத்தில் எஞ்சியது 'மை லேடீஸ்' பூங்கா போன்ற சிறு துண்டே.

மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள் வண்டலூரோடு திரும்பிவிட வேண்டா. மின்தொடர் வண்டியேறி 'பார்க்' நிலையத்தில் இறங்கி, ரிப்பன் மாளிகையின் எதிரே நின்று நவாபின் விலங்குகளையும் பால்பரையும் பற்றிச் சொல்லட்டும். "ஐயா, நிலையத்தின் பெயர் பார்க் என்கிறார்களே, பார்க் எங்கே?" என்று ஒரு மாணவனாவது கேட்பான்.