மகரக்கட்டு வயதில் ஒரு நடிகன்

சில வாரங்களுக்கு முன் அம்பகரத்தூரிலிருந்து ஒரு தந்தை எங்களைத் தேடி வந்தார். மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். நடிகனாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சென்னையில் ஒருவர் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். புகைப்படத் தொகுப்பு, அறிமுகக் காணொளி, ஒரு வாரப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கமாம். “அறுவடைப் பணம் கையில இருக்கு சார், கொடுத்துடலாமா?” என்றார். கொடுக்காதீர்கள் என்று நால்வரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். “அப்ப வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. இலக்கியம் பேசுகிறவர்களின் வழக்கமான நிலைமை. வெட்கத்தோடு அதன்பின் யோசித்ததை இங்கே எழுதுகிறோம்.

பையனை மறுநாள் பார்த்தோம். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, குரல் உடைந்துகொண்டிருக்கிறது. ஒரு வாக்கியம் அடித்தொண்டையில் தொடங்கிக் கீச்சென்று முடிகிறது. இதற்கு நம் நாடகக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனிகளில் இந்தச் சொல்லுக்கு எல்லோரும் நடுங்கினார்கள். பால பார்ட்டும் ஸ்திரீ பார்ட்டும் போட்டுப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் பெரும்பாலும் அத்துடன் கதை முடிந்தது. பாட்டுத்தான் நாடகம் என்றிருந்த காலம் அது. நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் இன்று கம்பெனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தக் கம்பெனிகளை நாங்கள் புகழ்ந்து பாடப் போவதில்லை. அங்கே பிரம்பு இருந்தது, பசி இருந்தது, இரவோடு இரவாக ஓடிப்போன பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. ஆனாலும் அங்கே கிடைத்த ஒன்று இன்று எந்தக் கட்டணப் பயிற்சியிலும் கிடைப்பதில்லை. ஒரே நாடகத்தை நூறு முறை ஆடும் வாய்ப்பு அது. ஒரு ஊரில் சிரித்த இடத்தில் அடுத்த ஊரில் சிரிக்கமாட்டார்கள். ஏன் என்று பையன் தானே கண்டுபிடிக்க வேண்டும். வேடமில்லாத நாளில் திரை இழுப்பான், அடுத்தவன் பாடத்தையும் மனனம் செய்வான்.

மகரக்கட்டில் சிக்கியவர்களில் பி. யு. சின்னப்பாவின் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. குரல் போனதும் ஊரோடு இருந்து உடற்பயிற்சி, சிலம்பம், பாட்டு என்று பழகினார். அப்படித் திரும்பி வந்தவர்தான் 1940இல் ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேடம் போட்டார். வெளியில் யாருக்கும் தெரியாமல் கழிந்த அந்த இடைக்காலத்தைத்தான் இன்றைய பெற்றோர் பிள்ளைகளுக்குத் தர மறுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முகமும் குரலும் மாறிக்கொண்டிருக்கும் வயதில் ஒருவனைப் படமெடுத்து ஊரெல்லாம் காட்டுவதில் என்ன பயன்? அந்தப் புகைப்படத்தில் இருப்பவன் இரண்டு வருடத்தில் இருக்கமாட்டான்.

சரி, முறையான கல்வி? தில்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரப் பட்டம் வேண்டும். அதோடு சில நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவமும் கேட்கிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி உருவாக்கிய, சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே தாங்கிய நாடகத்துறை இருக்கிறது. (சுவாமிகள் 1922இல் புதுவையில்தான் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. காரைக்கால்காரர்களுக்கு அவர் அந்த வகையில் சொந்தக்காரர்.) அங்கும் பட்டம் முடித்தபின்தான் நுழைய முடியும். ஆக, இந்தப் பையனுக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் கையில் இருக்கிறது. அந்த ஐந்து வருடத்தில் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு வா என்கிறார்கள். அம்பகரத்தூரில் அதை எங்கே போய்ச் சேர்ப்பான்?

ஊரிலேயே என்பது எங்கள் விடை. திருநள்ளாறைத் தாண்டிப் பேரளம் சாலையில் இருக்கும் அந்த ஊரைப் பத்ரகாளியம்மன் கோயிலால்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். அசுரனைக் காளி வதைத்த கதையை ஊரே ஒரு பாத்திரமாக நின்று நினைவுகூரும் மண் அது. சற்றுத் தள்ளிக் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. புனிதவதியின் கல்யாணம் நடக்கிறது, பிட்சாடனர் வீதியில் வருகிறார், மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். அதைக் கைபேசியில் படமெடுப்பதை விட்டு, மாம்பழத்துக்குக் கை நீட்டும் ஒரு கிழவியின் தோளையும் கழுத்தையும் ஒரு மணி நேரம் கவனித்தால் ஒரு வாரப் பயிற்சியைவிட அதிகம் கிடைக்கும்.

ந. முத்துசாமி இதே டெல்டாவில் புஞ்சை என்ற கிராமத்தில் பிறந்தவர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர் அவர். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து வியந்தபின்தான் நவீன நாடகத்துக்கான உடலை அவர் கிராமத்தில் தேடத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர் என்பதைப் பையனிடம் சொன்னோம். அவன் முகம் மலர்ந்தது. (அவன் நினைவில் விஜய் சேதுபதி தங்கினார், எங்கள் நினைவில் கணக்குப் புத்தகம்.)

நடைமுறைக்கு வருவோம். பள்ளி ஆண்டுவிழா நாடகம் ஒரே இரவில் முடிந்துபோகிறது. பெற்றோர் கைதட்டுவார்கள், அதோடு சரி. அதே இருபது நிமிட நாடகத்தை நான்கு நண்பர்களோடு பத்து இடத்தில் போடவேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளி, நூலகம், கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரிக்கு முந்தைய அரை மணி நேரம். ஐந்தாவது தடவை அலுக்கும். எட்டாவது தடவை ஏதோ ஒன்று பிடிபடும். முத்துசாமியின் ‘நாற்காலிக்கார’ரைப் படிக்கக் கொடுத்திருக்கிறோம். பாதி புரியவில்லை என்றான். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது முதலில். குரல் நிலைக்கும்வரை கத்திப் பேசும் வேடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தினமும் பாட்டிக்கு அரை மணி நேரம் கதை வாசித்துக் காட்டட்டும். பாட்டி தூங்கிவிட்டால் வாசிப்பில் குறை.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ருஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1877இல், பதினான்கு வயதில், தம் குடும்பத்தாரின் நாடகக் குழுவில் வீட்டு அரங்கில் நடிக்கத் தொடங்கினார். அன்று முதல் தம் நடிப்பில் எது பொய்யாக இருந்தது என்று குறித்துவைத்தார். பின்னாளில் உலகம் படித்த அவரது நடிப்புமுறையின் வேர் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கிறது. அவருடையது பணக்கார வீடு, அது வேறு விஷயம். நோட்டுப் புத்தகம் நாற்பது ரூபாய்.

எங்களில் ஒருவருக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கேமரா முன் நடிப்பது வேறு கலை, பையன் கைபேசியில் பழகினால் என்ன தவறு என்கிறார். தவறில்லை. எடுக்கட்டும், பார்க்கட்டும், அழிக்கட்டும். எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண்ணிக்கையைப் பதினாறு வயதில் நடிப்புக்கு அளவுகோலாக வைத்துவிட்டால், பிறகு அவன் அந்த எண்ணுக்காகவே நடிப்பான் என்பதுதான் எங்கள் பயம்.

தந்தைக்கு இன்னொரு கவலையும் இருந்தது: படிப்பு கெட்டுவிடுமோ? நாடகப் பள்ளிகளே பட்டம் கேட்கின்றன என்றதும் கொஞ்சம் தெளிந்தார். அறுவடைப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டாராம், கல்லூரிக்கு ஆகும்.

பையனும் மூன்று நண்பர்களும் இப்போது ஒத்திகை பார்க்கிறார்கள், ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில். பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் கதையை மாற்றிவிட்டார்களாம். அது வருத்தம்தான், அவன் வகுப்பில் நன்றாக நடிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், வீட்டில் விடவில்லை. அந்த வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பேசுவதாக இருக்கிறோம். முதல் நாடகம் அடுத்த மாதம். நாங்கள் நால்வரும் வந்தால் பார்வையாளர் நாற்பதைத் தொடும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறான்.