மழை சொன்னதும் மன்றங்கள் சொன்னதும்



ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகக் கூறிவரும் கணக்கு. மார்கழி பிறந்துவிட்டால் மழை ஓய்ந்து பனி இறங்கும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். 2023ஆம் ஆண்டு மார்கழி பிறந்த அன்றே அக்கணக்குப் பொய்த்தது. டிசம்பர் 18 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 70 சென்டிமீட்டருக்குக் குறைவுதான்.

இதன் அளவை உங்கள் இல்லத்து மொட்டைமாடியைக் கொண்டே கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியின்மீது 95 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் ஏறத்தாழ 88,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏழு நிரம்பிய பின்னும் மீதம் இருக்கும். ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால் ஓர் ஊருக்கு எவ்வளவு? குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்தனர்.

ஒரு நாள் மழைக்குப் பருவநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. அன்று குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியே மழையைக் கொணர்ந்தது. ஆயினும் அறிவியல் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே, பெய்யும் மழை கொட்டித் தீர்க்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

இனி மன்றங்களின் கதையைக் கேளுங்கள். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் பருவநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1997இல் கியோட்டோ, 2015இல் பாரிஸ் என ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. ஆனால், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற வாசகம் மாநாட்டுத் தீர்மானத்தில் முதன்முறையாக இடம்பெற்றது 2023 டிசம்பர் 13 அன்று, துபாயில்தான். இதை எழுதவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின! தீர்மானம் நிறைவேறிய ஐந்தாம் நாள் காயல்பட்டினம் நீரில் மிதந்தது. அடுத்த ஏப்ரல் 16 அன்று துபாயே வெள்ளத்தில் மூழ்கியது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாடு கண்டிராத மழை அது. அங்குப் பணிபுரியும் நம் பிள்ளைகள் அனுப்பிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டிலோ, முன்னறிவிப்பு உரிய நேரத்தில் வந்ததா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் வாதிட்டுக்கொண்டிருந்தன. சேறு அள்ளியவர்களுக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

உலக மாநாட்டில் நமக்கு இருக்கை இல்லை; உள்ளாட்சியில் நமக்கு வாக்கு உண்டு. எனவே வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊர் வெள்ளநீர் வடியும் பாதை எது? அதை மறித்து நிற்கும் கட்டடங்கள் எவை? குளக்கரையைக் கடைசியாகப் பலப்படுத்தியது எப்போது? இல்லத்தரசிகளும் கேட்க வேண்டும். வெள்ளம் முதலில் நுழைவது அடுக்களையில்தான். ஐப்பசி வந்தபின் கேட்டுப் பயனில்லை. சித்திரை வெயிலிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.