வேன் இருக்கிறது, சத்திரம் எங்கே?



'கேரவன்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர் நடிகைகள் ஏறி உட்காரும் ஏ.சி. வண்டிதானே! மேல்நாடுகளில் அப்படி இல்லை. லீவு விட்டதும் சாதாரணக் குடும்பங்களே அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று பெயர். பக்கத்திலிருக்கும் கேரளமும் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. "நம்ம ஊருக்கும் இது வந்தா எப்படி இருக்கும்!" என்று நண்பர்கள் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள்.

நான் கேட்கிறேன், நம்மிடம் கேரவன் இல்லை என்று யார் சொன்னது?

மே மாதம் எங்கள் அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் பங்கு போட்டு ஒரு டூரிஸ்ட் வேன் பிடிப்பார்கள். குண்டான், கரண்டி, அரிசி மூட்டை, பாய், தலையணை, ஸ்டவ் எல்லாம் ஏறும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை அதிலேயே. புளிச்சோறு கட்டிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் செஞ்சி, திண்டிவனம் வழியாக விடிவதற்குள் புதுச்சேரி. அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே போகவேண்டியதுதான். கடலூர், சிதம்பரம், 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி. பிறகு முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஏறும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எல்லாம் எழுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-லிருந்து தார்ச்சாலையே இருக்கிறது. கோயில், தர்கா, மாதா கோயில் மூன்றும் ஒரே பயணத்தில்! இதைவிடச் சிறந்த குடும்பச் சுற்றுலா உலகத்தில் உண்டா?

ஆக, வண்டி இருக்கிறது, ரோடும் இருக்கிறது. இல்லாதது எது?

முதலில் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். "வழியில எங்க போறது?" என்ற பயத்தில் கிளம்புவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கடலோரத்து மே மாத வெயிலில், உப்புக்காற்றில், ஒரு நாள் முழுக்க அரை செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வந்ததும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டரிடம் போகும்போது, "டூர் போய் வந்த களைப்பு" என்று நாமே காரணமும் சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. ஆனால் நாங்கள் போனபோது ஒரு பங்கில் கதவுக்குப் பூட்டு. இன்னொன்றில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. என் பாட்டி இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்கள். ஆண்களாகிய நமக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை. அதுதான் பெரிய பிரச்சினை!

இரண்டாவது, டிரைவர் அண்ணன். நமக்குச் சீட்டில் சாய்ந்தால் தூக்கம். அவருக்கு? பகலெல்லாம் நாம் கோயிலில் வரிசையில் நிற்கும்போது அவர் வெயிலில் காய்ந்த வண்டிக்குள் படுத்துப் புரளுகிறார். ராத்திரி மறுபடி ஸ்டியரிங். லாட்ஜில் அவருக்கென்று ஒரு பாய் போட நமக்குத் தோன்றுவதில்லை. ஓட்டுநரின் வேலை நாள் 8 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. எங்கள் ஊரிலிருந்து கடலோரமாக ராமேஸ்வரம் 400 கிலோமீட்டருக்கு மேல். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர் தூரம் வண்டியை ஓட்ட ஆளே இல்லை! உள்ளே இருப்பது நம் மொத்தக் குடும்பம்.

மூன்றாவது அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா? விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்றார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் பலியானார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலேயே தேங்கும். மூடிய வேனில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களும் தரையில்தானே! அதற்காகச் சமைக்காமல் போகச் சொல்ல முடியுமா? பதினைந்து பேருக்கு மூன்று வேளையும் ஓட்டல் என்றால் நம் வீடுகளில் யாரும் ஊரைவிட்டே கிளம்ப முடியாது.

இதற்குப் பதில் கேரவன் அல்ல என்பதே என் கருத்து. லட்சக்கணக்கில் விலை போட்டு நாலு பேர் போகும் வண்டி வந்தால், நாற்பது பேர் போகும் நம் தெருவுக்கு என்ன லாபம்? பதிலை நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பெயர் சத்திரம்!

ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி காலத்து முக்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கிறது. மதுரை ராணி மங்கம்மாளும் சாலை போட்டார், சத்திரமும் கட்டினார். தனுஷ்கோடி போகும் வழியில் ஓர் இடத்துக்குப் பெயரே முகுந்தராயர் சத்திரம். ரோடு போட்டால் அதன் ஓரத்தில் இளைப்பாற இடமும் வேண்டும் என்று மாட்டுவண்டிக் காலத்திலேயே தெரிந்திருந்தது. நாமோ ரோட்டை அகலப்படுத்திவிட்டு இளைப்பாறுவதை மறந்துவிட்டோம்.

ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஓர் இடம் போதும். தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள பெண்கள் கழிப்பறை, நல்ல தண்ணீர்க் குழாய், காற்றுக்கு மறைப்புச் சுவரோடு ஒரு சமையல் கொட்டகை, எச்சில் இலை போடத் தொட்டி, டிரைவர்களுக்கென்று நாலு கட்டில். வண்டிக்கு இவ்வளவு என்று ஊராட்சி கட்டணம் வாங்கட்டும். கொடுக்க நாம் தயார்.

"அரசாங்கம் செய்யட்டும்" என்று உட்கார்ந்திருக்கலாமா? கூடாது. பௌர்ணமிக்கு வெளியூர் வேன்கள் கிரிவலப் பாதையோரம் சமைத்துவிட்டு இலையைப் போட்டுப் போனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருகிறது. நாகூர்க்காரருக்கும் வேளாங்கண்ணிக்காரருக்கும் நம் வேனைப் பார்த்தால் அதே கோபம்தானே வரும்? இடம் இல்லாத ஊரில் விருந்தாளியும் குற்றவாளி ஆகிவிடுகிறான்!

சிவில் நண்பர்களே, இறுதியாண்டு பிராஜெக்டுக்குப் பல மாடிக் கட்டடம்தான் வரையவேண்டுமா? இந்தச் சத்திரத்துக்கு ஒரு பிளானும் எஸ்டிமேட்டும் போடுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, சாதாரண வேனில் பொருத்தும் தண்ணீர்த் தொட்டியையும், கூரையில் பாரம் ஏற்றாமல் அடியில் சாமான் வைக்கும் பெட்டியையும் நம் ஒர்க்ஷாப்பிலேயே செய்து பார்க்கலாமே. நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பேரவை சார்பில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம்.

அதுவரை, வருகிற லீவில் வேன் பிடிக்கும்போது மூன்றே மூன்று விஷயம் வீட்டில் பேசி வையுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. டிரைவருக்கும் ஒரு படுக்கை. எங்கெங்கே நிறுத்துவது என்பதைப் பெண்கள் முடிவு செய்யட்டும்.

கடல் எங்கேயும் போய்விடாது, நண்பர்களே. நிதானமாகவே போவோம், எல்லோருமாகத் திரும்பி வருவோம்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன், அடி அண்ணாமலை