இலக்கணத்துக்கு முன் உதடும் நாக்கும்



நர்ஸிங் முடித்த மகளோ, மேற்படிப்புக்குக் கிளம்பும் மகனோ ஜெர்மன் கிளாஸுக்குப் போகும் வீடுகள் இன்று நிறைய. ஏ1, பி2 என்ற மொழித் தேர்வு நிலைகளெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சாகிவிட்டன. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'டெர், டீ, டஸ்' என்பவற்றை மனப்பாடம் செய்யும் சத்தமும் கேட்கிறது. ஆனால், அந்த மொழிக்கு வாய் எப்படி அசைய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தருகிறார்களா?

பலர் நோட்டில் ஜெர்மன் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். தேவாலயத்துக்கு ஒரு சொல், செர்ரிப் பழத்துக்கு வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'கிர்ஷெ' ஆகிவிடும். தேவாலயச் சொல்லின் நடுவே வரும் ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. 'ய' சொல்வதற்கு நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் விட்டுப் பாருங்கள். அதுதான் அந்த ஒலி!

எல்லோரையும் மிரட்டுவது, 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த உம்லவுட். இதற்கு நம் தொல்காப்பியமே கைகொடுக்கும். அதன் பிறப்பியல், எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று விளக்கும் பகுதி. 'இ, ஈ'க்கு நாக்கின் வேலையையும், 'உ, ஊ'வுக்கு இதழ் குவிவதையும் சொல்கிறது. ஜெர்மன்காரர் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார், அவ்வளவுதான். 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அந்த ஒலி வந்துவிடும். 'ஏ' சொல்லியபடி 'ஓ'வுக்குக் குவித்தால் இன்னொரு உம்லவுட்டும் கிடைக்கும்.

குறில், நெடில் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஜெர்மனிலும் அப்படித்தான்: 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. படு, பாடு என்று வேறுபடுத்தும் பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம்? கவனம் வேண்டியது சொல்லின் முடிவில். 'பஸ்'ஸை 'பஸ்ஸு' ஆக்கும் நம் நாக்கு, அங்கேயும் ஒரு 'உ'வை ஒட்டிவிடும். 'டாக்' என்றால் ஒரு நாள். கடைசியில் ஓர் உயிரொலி சேர்ந்து 'டாகெ' ஆனால் பல நாட்கள்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டுமா? நாளை உங்கள் மகள் ஒரு வார்டில் நிற்கப் போகிறாள். ஜெர்மனில் 15-க்கும் 50-க்கும் தொடக்கம் ஒன்றேதான். கடைசி அசைதான் வேறு. மருந்தின் அளவைச் சொல்லும்போது அந்த அசை தெளிவாக விழவேண்டாமா?

கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்துப் பழகும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் யாரும் சிரிக்காதீர்கள். தன் குரலை போனில் பதிந்து, ஜெர்மன்காரர் பேசும் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கிளாஸுக்குப் பணம் கட்டும் முன், "உச்சரிப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பேசவைத்துத் திருத்துவீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.